பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

இளையராஜாவின் 80-களின் பாடல் ஒன்றை மொபைல் ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். குரல் கேட்கும், வயலின் கேட்கும், புல்லாங்குழலும் கேட்கும். அதே பாடலை நல்ல ஹெட்போனில் கேட்டால், அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருப்பது தெரியும். அதுதான் பேஸ் கிட்டார். மொபைலில் அது எங்கே போனது? விரல்நுனி அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு கனமான ஒலியைத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

மேடையிலும் இதே கதைதான். சர்ச் கொயர், கல்லூரி பேண்ட், திருவிழா மெல்லிசைக் கச்சேரி என்று எங்கு பார்த்தாலும், பேஸ் வாசிப்பவரின் விரல்கள் ஓடுவது தெரியும். ஒலி மட்டும் வந்து சேராது. அல்லது எல்லா ஸ்வரமும் ஒன்றாகக் குழைந்து 'கும்'மென்று கேட்கும். வாசிப்பில் குறையே இல்லாவிட்டாலும் பழி வாசிப்பவர் மேல்தான் விழும்.

கிட்டாருக்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவர்கள், ஆம்ப்ளிஃபயர் என்று வரும்போது மிச்சமிருக்கும் பணத்துக்குக் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். முதல் சம்பளத்திலோ, வீட்டில் கெஞ்சிக் கேட்டோ வாங்கும் பொருள் அது. தப்பாக வாங்கினால் மறுபடி வாங்கச் சில வருஷங்கள் ஆகும்.

கிட்டார் ஆம்ப் இருந்தால் போதாதா?

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த 'ஈ' தந்தி, நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி 82 முறை. அதாவது, பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. ஐந்து தந்தி பேஸ் என்றால் 'பி' தந்தி 31 வரை இறங்கும்.

ஒலி கீழே இறங்க இறங்க, ஸ்பீக்கர் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். போதாக்குறைக்கு, நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் இயல்பிலேயே மெதுவாகத்தான் கேட்கும். அதனால்தான் கிட்டாரிஸ்ட் 30 வாட்டில் சமாளிக்கும் இடத்தில், பேஸ் வாசிப்பவருக்கு 300 வாட் தேவைப்படுகிறது.

வீட்டில் மெல்லிய சத்தத்தில் கிட்டார் ஆம்பில் பேஸ் வாசித்தால் ஒன்றும் ஆகாது. மேடைச் சத்தத்துக்கு ஏற்றினால் அந்த ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். பேஸ் ஆம்பில் கிட்டார் வாசிப்பதில் இந்த ஆபத்து இல்லை.

பேஸுக்குச் செய்தார்கள்... கிட்டாரிஸ்ட்டுகள் தூக்கிப் போனார்கள்!

அமெரிக்காவின் லியோ ஃபெண்டர், 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற எலெக்ட்ரிக் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதற்கென்று 'பேஸ்மேன்' ஆம்ப் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நான்கு 10 இன்ச் ஸ்பீக்கர்களோடு வந்த பிந்தைய பேஸ்மேனைக் கிட்டாரிஸ்ட்டுகள்தான் கொண்டாடினார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் தயாரித்த முதல் ஆம்ப்பும் அதைப் பார்த்துச் செய்யப்பட்டதே.

பேஸ்காரர்களுக்கு வேறொரு கம்பெனி கைகொடுத்தது. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் அடிக்கம்பிக்குள் மைக் பொருத்தும் யோசனையில் தொடங்கிய 'ஆம்பெக்', 1960-ல் 'பி-15' என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. 1969-ல் வந்த அதன் 'எஸ்விடி' 300 வாட். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைத்தான் எடுத்துச் சென்றது. ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல், தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல்! இன்று 'கிளாஸ் டி' தொழில்நுட்பத்தில் அதே பவர், இரண்டு மூன்று கிலோவில் தோள்பையில் அடங்கிவிடுகிறது.

எத்தனை வாட் வேண்டும்?

வீட்டில் பயிற்சிக்கு 10 முதல் 40 வாட் தாராளம். ஹெட்போன் மாட்டும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அபார்ட்மென்ட்வாசிகளுக்கு அது மிக முக்கியம். டிரம்ஸோடு சேர்ந்து ரிகர்சல் என்றால் 200 முதல் 300 வாட். அதே அளவு சின்ன ஹால்களுக்கும் ஓரளவு போதும்.

பெரிய மேடைக்கு ஆயிரம் வாட் தேவையா? தேவையில்லை. ஆம்பின் பின்னால் 'டிஐ அவுட்' என்ற இணைப்பு இருந்தால், அதிலிருந்து நேராக மிக்சருக்கு ஒயர் போய்விடும். கூட்டத்துக்குச் சத்தம் கொடுப்பது மேடையின் பெரிய ஸ்பீக்கர்கள். உங்கள் ஆம்ப், உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும். மேடை ஏறும் எண்ணம் இருப்பவர்கள், டிஐ அவுட் இல்லாத ஆம்பை வாங்க வேண்டாம்.

வாட் கணக்கில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு பவர் வேண்டும். ஆக, 300 வாட்டுக்கும் 350 வாட்டுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. உதாரணமாக, ஃபெண்டர் 'ரம்பிள் 500' ஆம்ப், தன் சொந்த ஸ்பீக்கரில் தருவது 350 வாட். வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்த்து 4 ஓம் ஆக்கினால்தான் 500 வாட்.

இந்த 'ஓம்' கணக்கைக் கவனிக்க வேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம். ஆம்பில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று எழுதியிருந்தால், அதற்குக் கீழே போகவே கூடாது. போனால் ஆம்ப் பழுதாகலாம். பழைய வால்வ் ஆம்ப் என்றால் இன்னொரு விதியும் சேரும்: ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்கக் கூடாது.

பெரிய ஸ்பீக்கர்தான் நல்ல பேஸா?

'15 இன்ச் என்றால் ஆழம், 10 இன்ச் என்றால் துல்லியம்' என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. பெட்டியின் கொள்ளளவு, வடிவமைப்பு, ஸ்பீக்கரின் தரம் மூன்றும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. நன்றாகச் செய்த 10 இன்ச் ஜோடி, சுமாரான 15 இன்ச்சைத் தோற்கடிக்கும். அளவுகோலைத் தூர வைத்துவிட்டுக் காதால் முடிவெடுங்கள்.

கடையில் அரை மணி நேரம்

1. உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையிலிருக்கும் விலை உயர்ந்த பேஸில் வாசித்தால் எந்த ஆம்ப்பும் இனிக்கும்.

2. ஆம்ப் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சுவர் மூலையில் இருந்தால் பேஸ் தானாகவே கூடிக் கேட்கும். இரண்டடி முன்னால் இழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

3. பேஸ், மிட், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். 'பூஸ்ட்' பட்டன்கள் எல்லாம் ஆஃப்.

4. தடித்த தந்தியில் தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் முட்டுகிறதா, ஒன்று காணாமல் போகிறதா, பெட்டி எங்காவது கடகடக்கிறதா என்று கவனியுங்கள்.

5. ரிகர்சலில் வைக்கும் சத்தத்துக்கு ஏற்றிப் பாருங்கள். குறைந்த சத்தத்தில் எல்லா ஆம்ப்பும் நல்ல பிள்ளைதான். ஏற்றும்போது ஒலி நசுங்கினால், மேடையில் அது தாங்காது.

6. நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப்போய்க் கேளுங்கள். கால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி, வாசிப்பவரின் காதுக்கு முழுதாக வராது.

7. இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

8. வாசிக்காமல் சும்மா ஆன் செய்து வையுங்கள். இரைச்சலும் ஃபேன் சத்தமும் அப்போதுதான் தெரியும்.

9. கடைசியாக, நீங்களே தூக்கிப் பாருங்கள். பைக்கிலா, ஆட்டோவிலா, மாடிப்படியிலா... கச்சேரி முடிந்து நள்ளிரவில் அதைச் சுமக்கப் போவது நீங்கள்தான்.

தனியாக வாசிக்கும்போது மயக்கும் ஆழமான பேஸ், டிரம்ஸ் சேர்ந்ததும் கரைந்துபோகும். குழுவுக்குள் பேஸைத் தனித்துக் காட்டுவது மிட் ஒலிதான். முடிந்தால் ரிகர்சலுக்கு ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டா? பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய ஆம்ப் வாங்குவதில் தப்பில்லை. குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, கேபிள் செருகும் இடம் ஆடுகிறதா, ஸ்பீக்கர் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், பின்பக்கம் வோல்டேஜ் எண்ணைப் படியுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே 230. மாற்றும் வசதி இல்லாததை நேரடியாகச் செருகினால், ஆன் செய்த நொடியில் கதை முடிந்தது.

உயிர் விஷயம்: எர்த்

பாடிக்கொண்டே வாசிக்கும் பலருக்கு, மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று ஷாக் அடித்த அனுபவம் இருக்கும். பேஸின் தந்திகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக், சவுண்டு சிஸ்டத்தின் எர்த்தோடு இணைந்தது. இரண்டில் ஒன்று சரியில்லை என்றால், மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். ஆம்ப்பும் சவுண்டு சிஸ்டமும் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். திறந்தவெளி மேடை என்றால், எலெக்ட்ரீஷியன் சோதித்த பிறகே தந்தியில் கை வையுங்கள்.

காதையும் மறக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஆம்ப் வாங்கும்போதே ஒரு ஜோடி இயர் பிளக்கும் வாங்கிவிடுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் இதை மட்டும் எழுதுங்கள்: அடுத்த ஒரு வருஷத்தில் அதிகம் வாசிக்கப் போவது எங்கே? 'வீட்டில்' என்றால் சின்னதாக வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். 'பேண்டோடு' என்றால் இன்னும் இரண்டு மாதம் சேர்த்துவைத்து, டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும் ஆம்பாக வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் அவசரப்பட்டு வாங்கும் ஆம்ப்தான், ஆறே மாதத்தில் ஆன்லைனில் பாதி விலைக்கு விற்பனைக்கு வருகிறது!