பிளாட்பாரத்தில் நின்றால் டிக்கெட் வராதது ஏன்?

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் ரயில் நிலையக் கவுன்டரில் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை. முன்பதிவில்லாத டிக்கெட்டை ரயில்வே செயலியிலேயே எடுக்கலாம். 2025 ஜூலையில் வந்த ‘ரயில்ஒன்’ செயலியில் இவ்வசதி உண்டு. ஆனால் பிளாட்பாரத்தில் நின்றபடி முயன்றால் காகிதமில்லா டிக்கெட் வராது. பரிசோதகரைக் கண்டபின் டிக்கெட் எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு, நியாயமானதுதான்.

நாம் நிற்குமிடம் செயலிக்கு எப்படித் தெரிகிறது? சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்து, போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்கள். போன் கடிகாரத்தின் பிசகைத் திருத்த நான்காவது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே 300 மீட்டர் பிசகும்!

நிலையத்துக்குள் வந்துவிட்டீர்களா? அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து டிக்கெட் எடுங்கள்.