புதுமைப்பெண்ணைக் கேட்டவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி வகுப்பொன்றில் பாரதியாரின் புதுமைப்பெண்ணைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கற்றவள், அஞ்சாதவள், ஆணுக்கு நிகரானவள் என்று நான் அடுக்கிக்கொண்டு போகையில், ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று முன்னோரும் சொன்னார்கள், இவரும் சொல்கிறார். அவளை யாராவது கேட்டார்களா?" என்றாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இப்பேச்சு.

முதலில் சங்க காலத்தைக் காண்போம். வெள்ளிவீதியார் போன்ற பெண்பாற் புலவர் தம் காதல் துயரை அகப்பாடல்களில் ஒளியாது பாடினர். ஆயினும், புறநானூற்றின் 312 ஆம் பாடலில் பொன்முடியார், மகனைப் பெற்றுத் தருதலே தாய்க்குரிய கடமை என வகுக்கின்றார். பாடியவர் பெண், பாடப்பட்ட நெறியோ ஊரார் வகுத்தது.

இனி, பாரதியார். 1905 இல் தோன்றிய 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் இதழின் ஆசிரியராக இருந்து பெண்கல்விக்காக வாதாடியவர் அவர். அடுப்பங்கரையோடு நின்ற எதிர்பார்ப்பு, கல்வி, துணிவு, நாட்டுத்தொண்டு என விரிந்தது. அது பேருதவிதான். எனினும், எதிர்பார்ப்பு மாறியதேயன்றி, எதிர்பார்ப்பவர் மாறவில்லை.

அம்மாற்றத்தை ஈழத்தில் தெளிவாகக் காண்கிறோம். போர் சூழ்ந்திருந்த 1986 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்த அந்நூலில் பத்துப் பெண்கள் தம் வாழ்வைத் தாமே பேசினர்.

தமிழ்நாட்டில், துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் பள்ளிப்படிப்பு இளவயதிலேயே நிறுத்தப்பட்டது. மணமான பின்பும் வீட்டார் அறியாமல், புனைபெயரில் அவர் எழுதினார். 2000 இல் அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. 2001 இல் அவர் பேரூராட்சித் தலைவரானார். வெளியே வரலாகாது எனப்பட்ட பெண்ணை ஊரே தலைவியாகத் தேர்ந்தெடுத்தது!

ஆகவே, பெண்ணைப் புகழ்வதனால் மட்டும் ஒரு கவிதை பெண்ணியக் கவிதை ஆகிவிடாது; பெண் எழுதியதனாலும் ஆகிவிடாது. ஊர் வகுத்த நெறியைத் தன் வாழ்வென்னும் அளவுகோலால் ஒரு பெண் அளந்து பார்க்கும்போதே அது பிறக்கின்றது.

இப்பொழுதெல்லாம் பாரதியாரைப் பாடம் சொல்லி முடித்ததும், "உம் வீட்டுப் பெண்களிடம் யார், எதை எதிர்பார்க்கின்றனர்?" என எழுதிவரச் சொல்கிறேன். இதற்கு விடை எழுதுவதற்காகவே, தம் அன்னையரின் விருப்பம் யாதென முதன்முறையாகக் கேட்டதாகச் சில மாணவர்கள் என்னிடம் கூறினர். அன்று அம்மாணவி எழுப்பிய வினா, இன்று அவ்வீடுகளிலும் ஒலிக்கின்றது.