உழவு இயந்திரத்துக்கு ஏற்ற டயர் எது?

மாணவர்களே,

"சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்றுக்கு டயர் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய காரணிகள் இரண்டைக் கூறி விளக்குக." இந்த வினாவை வகுப்பில் கொடுத்தபோது அதிகமானோர் எழுதிய விடை "நல்ல தரமானதாக இருத்தல், விலை குறைவாக இருத்தல்" என்பதாகும். சோப்பு வாங்கவும் இதே விடையை எழுதலாம். ஆகவே இதற்குப் புள்ளி கிடைக்காது. வினாவில் இருப்பது உழவு இயந்திரம். எனவே விடையில் மண் வர வேண்டும், செய்யும் வேலை வர வேண்டும், அமுக்கம் அல்லது உராய்வு என்ற சொல்லும் வர வேண்டும்.

நான் கலைப்பட்டதாரி. இந்த விடயத்தைப் பாதி பாடநூலிலும் மீதியை டயர்க் கடை வாசலிலும் படித்தேன். அதனால் உங்களுக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

விஞ்ஞானப் பாடத்தில் எல்லை உராய்வு விசை தொடுகைப் பரப்பளவில் தங்கியிருப்பதில்லை என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் உழவு இயந்திரத்தின் பின் டயர் ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது? மெல்லிய டயரும் அதே உராய்வைத் தராதா? கெட்டிக்கார மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இது. பாடநூல் சொல்வது மேசையும் மரக்குற்றியும் போன்ற வன்மையான மேற்பரப்புகளைப் பற்றியது. வயல் மண் மேசை அல்ல. பாரம் ஏறும்போது அது அமிழும், பிதுங்கும், உடையும். டயர் புதைந்தபின் அது முன்னே செல்வதற்குத் தடையாக ஒரு மண்சுவரே நிற்கும். எனவே வயலில் முதலில் பார்க்க வேண்டியது டயர் புதையுமா இல்லையா என்பதை. அதைத் தீர்மானிப்பது அமுக்கம்.

அமுக்கம் = செங்குத்து விசை ÷ பரப்பளவு

ஓர் உதாரணம் பார்ப்போம். 1800 கிலோகிராம் திணிவுடைய சிறிய உழவு இயந்திரம் ஒன்றின் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின் சில்லுகளில் தங்கியுள்ளது எனக் கொள்க. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால் பின் சில்லுகள் இரண்டிலும் 12 000 நியூற்றன், ஒரு சில்லில் 6000 நியூற்றன். டயர் மண்ணைத் தொடும் பரப்பளவு 600 சதுர சென்ரிமீற்றர், அதாவது 0.06 சதுர மீற்றர் எனின்,

அமுக்கம் = 6000 ÷ 0.06 = 100 000 பஸ்கால்

இப்போது டயரில் காற்றைச் சிறிது குறைக்கிறோம். டயர் சற்றுச் சப்பையாகித் தொடுகைப் பரப்பளவு 0.08 சதுர மீற்றர் ஆகிறது.

அமுக்கம் = 6000 ÷ 0.08 = 75 000 பஸ்கால்

பாரம் மாறவில்லை. இயந்திரமும் அதேதான். ஆனால் மண்ணின் மீதான அமுக்கம் காற்பங்கு குறைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் 150 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒற்றைப் பாதத்தில் நிற்கும்போது கொடுக்கும் அமுக்கம் 40 000 பஸ்கால். நாம் நடந்தாலே கணுக்கால்வரை புதையும் சேற்றில் உழவு இயந்திரத்துக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கு ஒரு சுருக்குவழி உண்டு. டயருக்குள் இருக்கும் காற்றின் அமுக்கமும் டயர் மண்ணுக்குக் கொடுக்கும் அமுக்கமும் ஏறக்குறைய சமன். டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் மண்ணில் அது சிறிது கூடலாம். டயர்க் கடையில் "பதினைந்து இறாத்தல் காத்து" என்றால் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல். அது ஏறக்குறைய 103 000 பஸ்காலுக்குச் சமன். நமது முதற் கணக்கின் விடைக்கு மிகக் கிட்ட வருவதைக் கவனியுங்கள். ஆயினும் விருப்பம்போல் காற்றைக் குறைக்க முடியாது. ஒவ்வோர் அளவு டயருக்கும் எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அதற்குக் கீழே போனால் பக்கச்சுவர் வெடிக்கும், றிம்மில் டயர் வழுக்கி ரியூப்பின் வால்வு அறுந்துவிடும். வயலுக்காகக் குறைத்த காற்றுடன் நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு தார் வீதியில் வேகமாக ஓடுவதும் டயரைச் சூடாக்கிக் கெடுக்கும்.

உழவு இயந்திரங்களுக்குக் காற்று டயர் வந்ததே இந்தக் கணக்கினால்தான். முன்னர் அவை பற்கள் வைத்த இரும்புச் சில்லுகளில் ஓடின. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் குறைந்த காற்றமுக்கமுள்ள பயர்ஸ்டோன் டயர்களுடன் உழவு இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. இறப்பர் டயர் மண்ணில் இழுக்குமா என்று விவசாயிகள் முதலில் நம்பவில்லை. பின்னர் இரும்புச் சில்லு தானாகவே ஒதுங்கிவிட்டது. எங்கள் சேற்று வயல்களில் மட்டும் அது வேறு வடிவில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

இனி டயரின் மேற்புறம். தடித்து உயர்ந்து நிற்கும் இறப்பர்ப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மண்ணுக்குள் இறங்கி ஒரு துண்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு அதைப் பின்னே தள்ளுகின்றன. மறுதாக்கத்தால் இயந்திரம் முன்னே செல்கிறது (நியூற்றனின் மூன்றாம் விதி). பல டயர்களின் பக்கச்சுவரில் இப்பட்டையின் வகையைக் குறிக்கும் குறியீடு இருக்கும். ஆர்-1 என்பது சாதாரண உழவுக்குரிய உயர்ந்த, சாய்ந்த பட்டைகள். ஆர்-2 என்பது நெல், கரும்பு விளையும் சேற்று நிலத்துக்கானது. பட்டையின் உயரம் ஆர்-1 ஐப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆர்-4 என்பது கட்டட வேலைத்தளம், வீதி, கடினமான தரை ஆகியவற்றுக்கானது. பட்டைகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் மெதுவாகத் தேயும். ஆர்-3 புற்றரைக்குரியது, எமக்கு அவ்வளவு தேவைப்படாது.

எங்கள் அயலில் ஒரு விவசாயி தனது சிறிய உழவு இயந்திரத்துக்கு ஆர்-4 டயர் போட்டார். வருடத்தில் எட்டு மாதம் மணலும் கல்லும் ஏற்றி வீதியில் ஓடுபவர். கடைக்காரர் "இது நாலு வருசம் ஓடும் அண்ணை, மற்றது ஒண்டரை வருசத்தில மொட்டையாப் போகும்" என்றார். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஆர்-1 பட்டைகள் தார் வீதியில் விரைவாகத் தேயும். ஆனால் காலபோகத்தில் சேறடிக்க இறங்கிய முதல்நாளே அகலமான பட்டைகளுக்கு இடையில் களி நிரம்பி டயர் உருளைபோல் வழுவழுப்பாகிவிட்டது. பின் அச்சு வரை புதைந்த இயந்திரத்தை இழுத்தெடுக்க வேறொருவரின் இயந்திரத்தைக் கூலிக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கூலியும், மூன்று நாள் பிந்திய விதைப்பும், டயர் விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டன. அவர் செய்தது முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. எட்டு மாத வேலையைப் பார்த்து டயர் எடுத்தார். குடும்பத்துக்குச் சோறு போடும் நாலு மாதத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இப்படி இரண்டு வேலையும் செய்பவருக்கு ஆர்-1 டயரும், சேற்றுக்கு மட்டும் பூட்டும் இரும்புச் சில்லும் பொருத்தமாகும். கம்பிகளால் கூடுபோல் அமைந்த இச்சில்லை நான்கு சில்லு இயந்திரத்தில் டயருக்கு வெளிப்பக்கம் பூட்டுவர். பரப்பளவு கூடுகிறது, சேறு கம்பிகளுக்கிடையே வெளியேறிவிடுகிறது. வீதிக்கு வருமுன் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் தார் பெயர்ந்துவிடும்.

பட்டைகளின் திசையும் முக்கியம். இயந்திரத்தின் பின்னால் நின்று பின் டயரைப் பாருங்கள். பட்டைகள் சேர்ந்து அமைக்கும் அம்பின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் டயரின் நடுப்பகுதி முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இரு பக்கமும் வெளியே தள்ளும். இடது வலது மாறிப் பூட்டினால் சேறு நடுவிலே சேரும். புது டயரையே பிழை என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

மண்வகை பற்றி ஒரு முக்கிய குறிப்பு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்பவருக்கு மண் இறுக்கமடைவது நட்டம். மண் துணிக்கைகளுக்கிடையிலான வளியிடைவெளி குறைந்து வேர் கீழிறங்காது, நீர் உட்புகாது. நெல் வயலிலோ மேல்மண்ணுக்குக் கீழே ஓர் இறுகிய படை இருப்பது நல்லது. அதுதான் நீரை வயலில் தேக்கி வைக்கிறது, இயந்திரத்தையும் தாங்குகிறது. அளவுக்கு மிஞ்சிய அமுக்கமுள்ள டயர் அப்படையை ஓட்டையாக்கினால் அடுத்த போகத்திலும் அதே இடத்தில் இயந்திரம் புதையும். முருங்கன் பக்கத்துக் களிமண் ஈரமானபோது ஒட்டும் விதத்தை அறிந்தவர்கள் அங்கு மழைக்குப்பின் அவசரப்பட்டு இறங்கமாட்டார்கள்.

டயர் வழுக்குவதை அளக்கலாம். பின் டயரில் வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை உயர்த்திக்கொண்டு சில்லு பத்துத் தடவை சுற்றும்போது இயந்திரம் 40 மீற்றர் செல்கிறது எனக் கொள்க. கலப்பை மண்ணில் இறங்கியபின் அதே பத்துச் சுற்றில் 34 மீற்றர் மட்டுமே சென்றால்,

வழுக்கல் = (40 − 34) ÷ 40 × 100 = 15%

உலர்ந்த வயலில் 10 முதல் 15 சதவீதம் வரை ஏற்கலாம். 28 மீற்றர்தான் சென்றது என்றால் வழுக்கல் 30 சதவீதம். சில்லைச் சுற்றச் செலவான டீசலில் ஏறக்குறைய 30 சதவீதம் சேற்றைக் கிளறுவதிலேயே போய்விட்டது. 2022ஆம் ஆண்டில் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால் இந்தக் கணக்கின் பெறுமதியைச் சொல்வார்கள். வழுக்கல் அறவே இல்லையென்றாலும் நல்லதல்ல; தேவைக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமக்கிறது என்பதே பொருள்.

டயரில் உள்ள எண்களையும் வாசிக்கப் பழகுங்கள். 12.4-28 என்றால் டயரின் அகலம் 12.4 அங்குலம், றிம்மின் விட்டம் 28 அங்குலம். இரு சில்லு உழவு இயந்திரத்தில் 6.00-12 என்று பார்க்கலாம். 'பிளை' எண் (6, 8, 12) டயரின் தாங்குவலுவைக் காட்டுவது. உள்ளே அத்தனை படைகள் உண்டு என்பதல்ல. நான்கு சில்லுகளும் இழுக்கும் இயந்திரமாயின் முன், பின் டயர்களின் அளவு ஒன்றுக்கொன்று கணக்கிட்டுப் பொருத்தப்பட்டது. பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் செல்ல முயன்று பற்சில்லுகள் தேயும்.

முன்பு கேட்ட வினாவுக்கு இப்போது இப்படி எழுதலாம்: "(1) மண்ணின் தன்மை. சேற்று நிலத்தில் டயர் புதையாதிருக்க அமுக்கம் குறைய வேண்டும். எனவே தொடுகைப் பரப்பளவு கூடிய அகன்ற டயரும், மண்ணைப் பற்றும் உயர்ந்த பட்டைகளும் தேவை. (2) செய்யும் வேலை. வீதியில் பாரம் இழுப்பதற்கே கூடுதலாகப் பயன்படுமாயின் தேய்வு குறைந்த, தாழ்ந்த அகலமான பட்டைகளுள்ள டயர் ஏற்றது." இவ்வளவும் நான்கு வரிகள். முழுப் புள்ளிக்கு இது போதும்.

பயிற்சி: மேலே உதாரணத்தில் கூறிய உழவு இயந்திரத்தின் பின் டயர் ஒவ்வொன்றிலும் வால்வு மட்டம் வரை 150 லீற்றர் நீர் நிரப்பப்படுகிறது. தொடுகைப் பரப்பளவு 0.06 சதுர மீற்றராகவே இருப்பின், (அ) ஒரு பின் சில்லின் கீழ் அமுக்கம் யாது? (ஆ) உலர்ந்த நிலத்தில் கொத்துக் கலப்பை இழுக்கும்போது இந்நீர் எவ்வாறு உதவும்? (இ) சேறடிக்கும் முன் இந்நீரை வெளியேற்றுமாறு ஓட்டுநர் கூறுகிறார். அவரது காரணத்தை எழுதுக.

விடை (அ): 7500 ÷ 0.06 = 125 000 பஸ்கால். (ஆ), (இ) இரண்டையும் நீங்களே எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.