மூன்று வருஷக் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு மங்குத் தட்டும் பெல்ஜியம் கண்ணாடியும் பர்மா அரக்குப் பெட்டியும் தேடி வெளியூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் எப்போதாவது ஒரு பழைய பேரேடு தலைகாட்டும். வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்க முடியாத சாமான் என்பதால் அதை யாரும் புரட்டுவதில்லை. ஆனால் அக்கரைச் சீமை வரலாற்றில் நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் கைப்பட எழுதிய நூல் எது என்று கேட்டால், நான் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

போன இடத்தைப் பற்றி எழுதிவைத்தவர்கள் நம்மில் குறைவு. அமெரிக்கர்களுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போனவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், ஊருக்குக் கடிதம் போட்டார்கள். லாரா இங்கல்ஸ் வைல்டர் போல, பிள்ளைப் பருவத்துப் புல்வெளி வீட்டை வயதான பிறகு கதையாக எழுதியவர்களும் உண்டு. 1893இல் சிகாகோவில் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒரு கட்டுரை வாசித்தார். நகர்ந்துகொண்டே போன அந்த எல்லைப்புறம்தான் அமெரிக்கரை அமெரிக்கராக ஆக்கியது என்றார். இனி அப்படியோர் எல்லைப்புறம் இல்லை என்றும் சொன்னார். அவருடைய கண்ணுக்குக் காலி நிலமாகப் பட்டது பூர்வகுடிகளின் ஊரும் வேட்டைக்காடும் என்பதை டீ பிரவுன் போன்றவர்கள் உரக்கச் சொல்லப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

டர்னர் அப்போது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் 1974இல் மைக்கேல் ஆடஸ் எழுதிய ‘தி பர்மா டெல்டா’வை வெளியிட்டது. துணைத் தலைப்பிலேயே ‘ஆசியாவின் நெல் எல்லைப்புறம்’ என்று வருகிறது. எனக்கு அதுவரை பர்மா என்றால் வளவு வீட்டின் தேக்குத் தூண், கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி, அவ்வளவுதான். அந்தத் தூணுக்குப் பின்னால் லட்சக்கணக்கான ஏக்கர் சேறும் காடும் இருந்ததை எனக்குக் காட்டியது இந்தப் புத்தகம்.

1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். அங்கே 1850களின் நடுவில் ஏழெட்டு லட்சம் ஏக்கரில் விளைந்த நெல், 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்புக் காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களில் பெரும்பாலோர் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த பர்மியக் குடியானவர்கள். 12 வருஷம் விடாமல் தீர்வை கட்டினால் நிலம் உனக்கே என்றது 1876ஆம் வருஷச் சட்டம். அமெரிக்காவின் 1862 சட்டமோ, ஐந்து வருஷம் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஒரே தூண்டில், வேறு வேறு குளம். ஆனால் காடு வெட்டுகிறவனுக்கு அறுவடை வரைக்கும் சாப்பாடு, எருமை, விதை, கூலிக்கெல்லாம் யார் பணம் கொடுப்பது? வெள்ளைக்கார பேங்குகள் அந்தச் சேற்றில் கால் வைக்கவில்லை. அங்கேதான் நகரத்தாரின் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் கோட்டையூரும் போய் இறங்கின.

1930ஐ ஒட்டி எடுத்த வங்கி விசாரணைக் குழுக் கணக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள். முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். ஆனாலும் அவர்கள் யாரும் அங்கே ‘குடியேறவில்லை’ என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொண்டுவிக்கப் போவது, அதாவது அக்கரைக்குத் தொழிலுக்குப் போவது என்பது மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடிப் பையனாகப் போனாலும் ஏஜெண்டாகப் போனாலும், தவணை முடிந்தால் ஐந்தொகை எடுத்து ஒப்படைத்துவிட்டுக் கப்பலேற வேண்டியது. பெண்டு பிள்ளைகள் ஊரில். குலதெய்வமும் ஒன்பது நகரக் கோயிலும் ஊரில். போன இடத்தை வீடாக நினைத்தவன்தான் அந்த மண்ணைப் பற்றி எழுதுவான். மூன்று வருஷத்தில் திரும்பப் போகிறவன் பற்று வரவு எழுதுகிறான்.

டேவிட் ருட்னரின் ‘காஸ்ட் அண்ட் கேபிடலிசம் இன் கலோனியல் இந்தியா’ (1994) இந்த உள்கட்டைப் பிரித்துப் பார்க்கிறது. கோயில், கல்யாணம், நம்பிக்கை, பணம் அனுப்பும் உண்டியல், ஒன்றுகூடி நிர்ணயிக்கும் நடப்பு வட்டி எல்லாம் சேர்ந்துதான் ஒரு பேங்காக வேலை செய்தன என்பது அவர் வாதம். புத்தகம் கொஞ்சம் வறட்சிதான், பொறுமை வேண்டும். நம்மவர்கள் எழுதிய சமூக வரலாறுகளிலோ திருப்பணிப் பட்டியல் நீளமாக இருக்கும், நெல்வயலைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

நிலத்தில் ஆசைப்படாதவர்கள் தலையில்தான் நிலம் விழுந்தது. புதிதாக வெட்டக் காடு தீர்ந்துபோன பிறகு, 1930இல் நெல் விலையும் சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த வயல் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 பங்கு ஆனது. ஏக்கராகச் சொன்னால், ஏறக்குறைய 24 லட்சம். பர்மியக் குடியானவன் பார்வையில் அது தாத்தா காய்ச்சலோடு வெட்டிய காடு. கடைக்காரர் பார்வையில் அது விற்க ஆள் கிடைக்காத வாராக் கடன். கொடுமைக்காரச் செட்டி என்பதும் பர்மாவை வாழவைத்த வள்ளல் என்பதும் ஒரே அளவுக்குச் சோம்பேறித்தனமான கதைகள் என்றே நினைக்கிறேன்.

காற்று திரும்புவதைச் சிலர் மோப்பம் பிடித்திருந்தார்கள். பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த அதே 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. நாலு வருஷம் கழித்து, 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அந்த நடையின் சாட்சி. அவர் வட்டிக்கடைக்காரர் அல்ல, பத்திரிகைக்காரர். 1948இல் பர்மா தன் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டபோது அந்த லட்சக்கணக்கான ஏக்கர் காகிதத்தில் மட்டுமே மிஞ்சியது.

இந்த உலகத்தை உள்ளேயிருந்து எழுதியவர் என்றால் ப. சிங்காரம்தான். நம் சிங்கம்புணரிக்காரர். 1938இல், 18 வயதில், மேடான் நகரத்து வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனவர். அவர் எழுதியது பர்மா அல்ல, சுமத்ராவும் பினாங்கும். ஆனால் கடைக்குள் அடுத்தாளும் மேலாளும் பேசுகிற பேச்சு, கப்பலும் மதுரைத் தெருவும் ஒன்றாய்க் கலக்கும் நினைவு, ராணுவம் வந்ததும் ஒரே நாளில் செல்லாக்காசாகும் கணக்கு எல்லாம் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) நாவல்களில் இருக்கின்றன. புதிதாகப் படிக்க நினைப்பவருக்கு என் யோசனை: முதலில் சிங்காரம், அடுத்து ஆடஸ், தெம்பு இருந்தால் ருட்னர்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்துச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்திய ஏ.கே. செட்டியாரும் அதே ஊர்தான். அச்சேறியதைக் காப்பாற்ற ஒரு கோட்டையூர்க்காரர் இருந்தார். அச்சேறாத பேரேடுகளோ வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. பர்மியமும் செட்டியார் கணக்கெழுத்தும் இரண்டும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் படிக்க வேண்டும். மவுங் என்றும் கோ என்றும் மா என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள், ஒரு தமிழ்க் கணக்கப்பிள்ளையின் காதில் எப்படி விழுந்தனவோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதப்பட்டு, எதிரே தொகையோடு அங்கே இருக்கும்.