பொய்க் கற்றையைப் பிடித்த தானியங்கி: 39 உயிர்களைப் பறித்த சரக்கு விமானம்

"இந்தக் காலத்தில் விமானத்தைக் கணினியே ஓட்டிவிடுகிறது, விமானிக்கு என்ன வேலை?" என்று பலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோர் கிர்கிஸ்தானில் நடந்த ஒரு விபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 ஜனவரி 16, காலை மணி 7.17. குளிர்காலம் என்பதால் தலைநகர் பிஷ்கெக்கில் பொழுது இன்னும் விடியவில்லை. மானாஸ் விமான நிலையத்தை அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தது. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த டாச்சா-சூ கிராமத்து வீடுகளின் மீது போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று விழுந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 4 பேரும் மாண்டனர். தரையில் மாண்டவர்கள் 35 பேர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர்.

துருக்கியின் ஏசிடி ஏர்லைன்ஸ் இயக்கிய அந்த விமானம், ஹாங்காங்கிலிருந்து பிஷ்கெக் வழியாக இஸ்தான்புல் போக வேண்டியது. 2003-ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட அது, தொடக்கத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சரக்குப் பிரிவில் பறந்த விமானம்.

கண்ணுக்குத் தெரியாத சரிவு

மூடுபனியில் விமானம் எப்படித் தரையிறங்குகிறது? ஓடுபாதையின் அருகே உள்ள கருவிகள் வானை நோக்கி இரண்டு வானொலிக் கற்றைகளை அனுப்புகின்றன. ஒன்று, ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும். மற்றொன்று, எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதைக் காட்டும். இதற்கு ஐ.எல்.எஸ். என்று பெயர். நம் கேஎல்ஐஏ, சாங்கி விமான நிலையங்களிலும் இதே முறைதான். தானியங்கி இந்தக் கற்றைகளைப் 'பிடித்து', அவற்றின் வழியே விமானத்தை இறக்கும்.

சரியான சரிவு பொதுவாக 3 பாகை. ஆனால் இந்தக் கருவியின் இயல்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. உண்மையான கற்றைக்கு மேலே, ஏறக்குறைய 9 பாகையில், அதைப் போன்றே ஒரு பொய்க் கற்றையும் தோன்றும். இது விமானிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால்தான், கற்றையை எப்போதும் கீழிருந்து பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிறது. கீழிருந்து வந்தால் முதலில் எதிர்ப்படுவது உண்மையான கற்றை.

மானாஸில் அன்று நடந்தது வேறு. விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்தது. ஓடுபாதையை நெருங்கிய பிறகுதான் தானியங்கி ஒரு கற்றையைப் பிடித்தது. அதுவோ 9 பாகைப் பொய்க் கற்றை.

அதன் பிறகு என்ன ஆனது?

செங்குத்தான அந்தச் சரிவில் தானியங்கியால் தொடர்ந்து இறங்க முடியவில்லை. விமானி அறையில் எச்சரிக்கை தோன்றியது. ஆனாலும் தானியங்கி விலகிக்கொள்ளவில்லை. கற்றை கிடைக்காத நிலையில், தன் சொந்தக் கணக்கில் 3 பாகைச் சரிவை வைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

இது பழுது அல்ல. அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. வேறொரு விமானம் குறுக்கே வந்து கற்றை ஓரிரு நொடி தடைபட்டால், விமானம் திடீரெனத் தடம் மாறக்கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கத்தில் வைத்த ஏற்பாடு, அன்று வினையாக முடிந்தது.

விமானம் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஓடுபாதை அதற்கு நேர் கீழே பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்த ஓடுபாதை முழுவதையும் கடந்த பிறகும் விமானம் இறங்கியது. 100 அடிக்கும் குறைவான உயரத்தில்தான், ஓடுபாதை கண்ணில் படவில்லை என்று மேலெழ முயன்றார்கள். நேரம் கடந்துவிட்டது. ஓடுபாதை முடிந்து சுமார் 930 மீட்டரில் விமானம் தரையில் மோதியது.

ஒரு சின்னக் கணக்கு

மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட விமான விபத்து விசாரணைக் குழு, தன் இறுதி அறிக்கையை 2020-இல் வெளியிட்டது. தானியங்கி இறங்கும்போது, சரியான சரிவிலிருந்து விமானம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை விமானிகள் கண்காணிக்கவில்லை, உரிய நேரத்தில் மேலெழவும் இல்லை என்பதே அது கூறிய முக்கியக் காரணம்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 3 பாகைச் சரிவில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். இறங்கும் இடத்துக்கு 10 கிலோமீட்டர் தொலைவில் 520 மீட்டர், 5 கிலோமீட்டரில் 260 மீட்டர். 9 பாகை என்றால் இந்த உயரம் மூன்று மடங்காகிவிடும். தொலைவையும் உயரத்தையும் ஒரு முறை ஒப்பிட்டிருந்தாலே தவறு தெரிந்திருக்கும்.

ஆக, கேள்விக்குப் பதில் இதுதான்: தானியங்கி, கொடுத்த வேலையைச் செய்யும். தான் பிடித்திருப்பது உண்மையான கற்றையா, பொய்யா என்று சந்தேகப்படுவது விமானியின் வேலை.

நாம் பயணம் செய்யும்போது, தரையிறங்கப் போன விமானம் சில வேளைகளில் திடீரென மேலெழுந்து இன்னொரு சுற்று வரும். "என்ன ஆச்சோ!" என்று மனம் பதறும். எரிபொருள் செலவாகும், நேரமும் தாமதமாகும். ஆனால் பெரும்பாலும் அது, ஏதோ ஒன்று சரியில்லை என்று விமானி நேரத்தோடு கண்டு எடுத்த முடிவு. டாச்சா-சூ மக்களுக்கு அன்று அந்த முடிவு சில நொடிகள் முன்னதாகக் கிடைத்திருந்தால் போதும், அவர்கள் காலையில் வழக்கம்போல் கண் விழித்திருப்பார்கள்.