ஆறிய புண், ஆறாத வலி

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகும் சிலருக்கு அந்த இடத்தில் எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கும். சட்டைத் துணி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் சுரீரென்று இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். நரம்பு பழுதாவதால் வரும் இத்தகைய வலி ஓயாமலிருப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, தண்டுவடத்தில் நரம்பணுக்களுக்கும் கிளியா செல்களுக்கும் இடையே நடக்கும் நோயெதிர்ப்புத் தகவல் பரிமாற்றம்.

கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்பணுக்களை ஒட்டிவைக்கும் வெறும் பூச்சு என்று கருதி, 19ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ச்சோ சூட்டிய பெயர் அது. இந்தக் குடும்பத்தில் மைக்ரோகிளியா என்ற வகையை 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஒர்தேகா பிரித்துக் காட்டினார். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இவையே காவல். மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் துழாவியபடி இருக்கும். கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும்.

கை கால் நரம்பு ஒன்று அறுபட்டால், அதன் உணர்வு நரம்பணுக்கள் சிஎஸ்எஃப்1 என்ற புரதத்தைத் தயாரித்துத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. அதை உணர்ந்த மைக்ரோகிளியாக்கள் கிளைகளைச் சுருக்கி, உடல் பருத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் பி2எக்ஸ்4 என்ற ஏற்பிகள் கூடுகின்றன. செல்லுக்குள் ஆற்றல் தரும் ஏடிபி, செல்லுக்கு வெளியே வரும்போது அபாய அறிவிப்பாகிறது. அது இந்த ஏற்பியைத் தொட்டதும் மைக்ரோகிளியா பிடிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது.

வலிப் பாதையில் உள்ள நரம்பணுவுக்கு ஒரு பிரேக் உண்டு. காபா என்ற வேதிப்பொருள் வந்தால் குளோரைடு அயனிகள் உள்ளே நுழைந்து நரம்பணுவை அடக்கும். இதற்கு உள்ளே குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். அதை வெளியேற்றும் பம்பு ஒன்று ஓயாமல் வேலை செய்கிறது. பிடிஎன்எஃப் இந்தப் பம்பைக் குறைத்துவிடுகிறது. குளோரைடு தேங்குகிறது, பிரேக் பிடிக்காமல் போகிறது. சாதாரணத் தொடுதலும் வலியாக மூளைக்கு ஏறுகிறது. மைக்ரோகிளியா விடும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 பீட்டா ஆகிய அழற்சிப் புரதங்கள் நரம்பணுக்களை மேலும் தூண்டுகின்றன. பின்னால் விழித்துக்கொள்ளும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மற்றொரு கிளியா வகை செல்கள் வலியை நீடிக்கச் செய்கின்றன.

2003இல் வெளியான ஜப்பான், கனடா விஞ்ஞானிகளின் ஆய்வு மைக்ரோகிளியாவின் இந்தப் பங்குக்கு வலுவான சான்று தந்தது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அழுத்தினால், நரம்பு காயப்பட்ட எலி வெடுக்கென்று காலை இழுக்கும். பி2எக்ஸ்4 ஏற்பியை மருந்தால் அடைத்தபோது இந்தக் கூச்சம் தணிந்தது. ஏடிபியால் தூண்டிய மைக்ரோகிளியாக்களை நலமான எலியின் தண்டுவடப் பகுதியில் செலுத்தியதும், காயமே இல்லாத அந்த எலியும் காலை இழுத்தது.

2015இல் சுண்டெலிகளில் ஒரு திருப்பம் வெளிப்பட்டது. மைக்ரோகிளியாவை முடக்கியபோது ஆண் எலிகளுக்கு மட்டுமே வலி குறைந்தது. பெண் எலிகளுக்கும் அதே அளவு வலி இருந்தது. ஆனால் அதில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பங்கேற்பதாகத் தெரிந்தது.

கிளியாவை அடக்கும் புரோபென்டோஃபிலின் என்ற மருந்து எலிகளுக்குப் பலன் தந்தது; அக்கிக்குப் பிந்தைய வலி உள்ள மனிதர்களுக்குப் பலிக்கவில்லை. இப்போது நரம்பு வலிக்குத் தரப்படும் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் நரம்பணுக்களைக் குறிவைப்பவை. கிளியாவின் இந்த மாற்றங்கள் வழக்கமான ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நோயாளி சொல்லும் வலியைப் பிரமை என்று தள்ளிவிடக் கூடாது.