களம் திறந்தது; கதவு திறந்ததா?

அமெரிக்கத் தேசீயக் கூடைப்பந்துச் சங்கம் கறுப்பு இனத்தவருக்கு ஆட்டக்களத்தைத் திறந்துவிட்டது 1950-ல். நிர்வாக அறையின் கதவு திறக்க மேலும் 22 வருஷங்கள் சென்றன. ஓடி வியர்ப்பதற்கு யோக்கியதை உள்ளவன், ஆலோசித்து ஆள்வதற்கு யோக்கியதை இல்லாதவன் என்பது எந்த நியாயம்?

இக்கேள்விக்குத் தமது வாழ்க்கையையே விடையாக அளித்தவர் வேய்ன் எம்ப்ரி. ஒஹையோ மாகாணத்தில் 1937-ல் பிறந்தவர். சின்சினாட்டி ராயல்ஸ் கோஷ்டியில் எட்டு வருஷம் ஆடினார். 1968-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் சாம்பியன் பட்டம் பெற்றபோது அக்கோஷ்டியில் இருந்தார். 1972-ல் மில்வாக்கி பக்ஸ் கோஷ்டியார் அவரைப் பொது மானேஜராக நியமித்தனர். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் அப்பதவியை ஏற்ற முதல் கறுப்பு இனத்தவர் அவரே.

பதவி கிடைப்பது ஒன்று. அதன் பாரத்தைச் சுமப்பது வேறொன்று. 1974-ல் பக்ஸ் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை சென்று, எம்ப்ரியின் பழைய கோஷ்டியான பாஸ்டனிடமே தோற்றது. அதன் பின், ஈடு இணையற்ற வீரரான கரீம் அப்துல்-ஜப்பார் தமக்கு அந்நகரம் ஒத்துவரவில்லை என்று விடை கேட்டார். 1975-ல் எம்ப்ரி அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பி, நான்கு வீரர்களை ஈடாகப் பெற்றார். அப்துல்-ஜப்பார் அங்கு ஐந்து சாம்பியன் பட்டங்கள் வென்றார். எம்ப்ரி செய்தது பிழை என்பார் உண்டு. நாம் அவ்விதம் கருதவில்லை. மனம் ஒட்டாதவரைக் கட்டி வைத்துக் கோஷ்டி நடத்த முடியாது. ஈடாக வந்தவர்களில் பிரிட்ஜ்மன், வின்டர்ஸ் இருவரின் சட்டை எண்களையும் பின்னர் எவரும் அணியாதபடி மில்வாக்கி கௌரவித்தது என்பதையும் மறக்கலாகாது.

1986 முதல் கிளீவ்லாண்ட் கோஷ்டியை எம்ப்ரி நிர்வகித்தார். 1994-ல் அதன் தலைவருமானார். சங்கத்தில் அப்பதவியை அடைந்த முதல் கறுப்பு இனத்தவரும் அவரே. பொது மானேஜராக இருந்த காலத்தில் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை என்பது மெய்யே. ஆயினும் 1999-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவரை வரவேற்றது.

வெற்றியால் மட்டும் தகுதியை அளப்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தோற்கும் உரிமையும் வெல்லும் உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போதே சமத்துவம் பூர்த்தியாகிறது. உழைப்பவனுக்குக் கூலி தருவதோடு நீதி முடிந்துவிடாது. தீர்மானிக்கும் மேஜையில் அவனுக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.